எருமைக்கு இல்லாத ‘என்பவர்’

என் பேத்தி தமிழ் நன்றாகப் பேசுவாள். வாசிப்பது என்றால்தான் தகராறு. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிப் பொறுக்கி வாசிப்பாள். பம்பாயில், முலுண்டில் பிறந்து வளர்ந்த பெண்ணிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஒரு நூலகம் பழைய பம்பாய்த் தமிழ்ப் பத்திரிகைகளைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையையும் தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாலைந்து செய்திகளை அவளே வாசித்து முடித்திருந்தாள்.

“தாத்தா, இந்த என்பவர் ஃபேமிலி ரொம்பப் பெருசா? பேஜுக்குப் பேஜ் அவங்கதான் இருக்காங்க” என்றாள்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு எட்டிப் பார்த்தேன். கோவிந்தன் என்பவர், மாரியப்பன் என்பவர், அப்துல் ரஹீம் என்பவர், லட்சுமியம்மாள் என்பவர். அவளுடைய சிநேகிதிகளெல்லாம் குல்கர்ணி, பாட்டீல், தேஷ்முக். ஆகவே என்பவர் என்பதும் ஒரு குடும்பப் பெயர் என்று முடிவு கட்டிவிட்டாள். சிரித்ததில் எனக்குப் புரையேறி, மருமகள் உள்ளேயிருந்து தண்ணீரோடு ஓடி வந்தாள். அன்றைக்கு முழுவதும் வீட்டில் அதுதான் பேச்சு. மறுநாள் மகன் அலுவலகத் தொலைபேசியிலேயே “என்பவர் பேசுகிறேன்” என்று சொல்லிப் பார்த்தானாம்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பத்திரிகையில் அந்தக் குடும்பம் இல்லாமல் ஒரு செய்தியும் கிடையாது. ரயிலிலிருந்து தவறி விழுந்தவர் ஒரு என்பவர். அவரைத் தூக்கி உட்கார வைத்தவர் இன்னொரு என்பவர். இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்து நின்றபோது பர்ஸைப் பறிகொடுத்தவர் மூன்றாவது என்பவர். அதை அடித்தவன் பெயர் தெரியாததால் அவன் மட்டும் தப்பித்துக்கொண்டான்.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே உதவி ஆசிரியராக இருந்தேன். உதவி ஆசிரியர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டைப்ரைட்டிங் பரீட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டு, கோட்டைப் பக்கத்துக் கம்பெனி ஆபீஸ்களுக்கெல்லாம் நான் லாயக்கில்லை என்று தெரிந்துபோன பிறகு, என் அப்பா தனக்குத் தெரிந்தவரிடம் சொல்லி என்னை அங்கே தள்ளிவிட்டார். செய்தி எழுதுவது, பிழை திருத்துவது, பசை காய்ச்சுவது, மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவது எல்லாம் என் இலாகா. மாட்டுங்காவில் ஒரு ஊறுகாய்க் கடையின் மாடியில் ஆபீஸ். கீழே எப்போதும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வாசனை கட்டுக்கட்டாகக் காகிதத்தில் ஏறிவிடும். எங்கள் பத்திரிகையைப் பிரித்தாலே பசிக்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாராட்டா குறையா என்று தெரியாமல் அதைப் பிரசுரித்தோம்.

ஆசிரியர் பெயர் வைத்தியநாதன். ஒல்லியான மனிதர். கஞ்சி போட்ட வேட்டி, கையில் குடை. கோபம் வந்தால் குடையைச் சுருக்கி விரிப்பார், வீட்டுக்குள் இருந்தாலும் சரி. எங்கள் பத்திரிகையில் அவர் மட்டுமே அறிந்த பல சட்டங்கள் உண்டு. அதில் முதல் சட்டம் இந்த என்பவர் சட்டம். யார் பெயரைச் சொன்னால் வாசகனுக்கு உடனே தெரியுமோ அவருக்கு என்பவர் கிடையாது. மற்ற எல்லாருக்கும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மந்திரிகளுக்குக் கிடையாது, சினிமாக்காரர்களுக்குக் கிடையாது, சரி. மாட்டுங்கா சபாக்களின் காரியதரிசிகளுக்கும் கிடையாது, கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், ஆசிரியர் சாயங்காலம் குடையோடு நடந்து போகும்போது எதிரில் வந்து நமஸ்காரம் சொல்லக்கூடிய ஒருவருக்கும் கிடையாது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருந்தால் வெறும் பெயர். அந்தப் பக்கம், லேபர் கேம்ப்பிலோ தாராவியிலோ இருந்தால் என்பவர். சபாவில் மைக் கெட்டுப்போய்க் கச்சேரி நின்றுபோனால்கூடக் காரியதரிசியின் பெயர் கம்பீரமாகத் தனியே நிற்கும்.

எனக்கு அப்போது இதெல்லாம் உறைக்கவில்லை. சட்டைக்குப் பித்தான் மாதிரி பெயருக்கு என்பவர் என்று எழுதிக்கொண்டே போவேன். அது ஒரு சௌகரியமும்கூட. பக்கத்தில் ஒரு வரி குறைந்தால் நாலு என்பவர் போட்டு இழுத்துவிடலாம்.

அந்த வருஷ மழைக்காலத்தில்தான் எருமை சேற்றில் இறங்கியது. தாராவியில் அப்போது எருமைத் தொழுவங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு கழிமுகத்துப் பக்கம் போய், கழுத்தளவு சேற்றில் நின்றுவிட்டது. ஊரே திரண்டு கரையில் நின்று யோசனை சொன்னது. யாரும் இறங்கவில்லை. இறங்கினால் ஆளும் உள்ளே போய்விடுவான். அப்போது தோல் கிடங்கு மேஸ்திரி பொன்னையா வந்தார். கிடங்கில் கழித்துப் போட்டிருந்த தோல்களைக் கொண்டுவரச் சொல்லி, சேற்றின்மேல் பாய் விரித்த மாதிரி அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, ஆட்களை நிறுத்திக் கயிறு கட்டி இழுத்து எருமையைக் கரையேற்றிவிட்டார். தன் சொந்தக்காரர்களின் தோலை மிதித்து ஏறி வந்தது அதற்குத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன். நான் போய்ப் பார்த்து எழுதினேன். “தாராவியில் வசிக்கும் பொன்னையா என்பவர் சேற்றில் சிக்கிய எருமையை மீட்டார். எருமை நலமாக உள்ளது” என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரியை ஆசிரியரே ரசித்தார்.

அடுத்த வாரம் மாடிப்படி அதிரப் பொன்னையா ஏறி வந்தார். கட்டையான உடம்பு, முறுக்கு மீசை. கையில் எங்கள் பத்திரிகை, அந்தப் பக்கம் மேலே தெரியும்படி மடித்திருந்தது. நான் எழுந்து நின்று அவரை ஆசிரியரிடம் அழைத்துப் போனேன், பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்ற நினைப்பில்.

“அய்யா, ஒரு நியாயம் கேக்க வந்திருக்கேன்” என்றார் பொன்னையா. “எருமையப் பத்தி எழுதுன எடத்துல எருமைன்னுதான் இருக்கு. எருமை என்பதுன்னு போடல. எனக்கு மட்டும் எதுக்கு என்பவரு?”

ஆசிரியர் குடையைத் தேடினார். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் பொன்னையா உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னபோது சிரிப்பு போய்விட்டது. பொன்னையாவின் மகள் கனியை லேபர் கேம்ப்பில் சங்கரலிங்கம் வீட்டுப் பையனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம்தான். பையனும் பெண்ணும் கோயில் கொடை விழாவில் ஒருவரை ஒருவர் பார்த்து, மனசுக்குப் பிடித்து, கனி வேறு மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிற நிலைமை. இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். பொன்னையாவுக்குச் சிறு வயதிலேயே அம்மை நோயில் அப்பா அம்மா போய்விட்டார்கள். யாரோ கையைப் பிடித்து ரயிலேற்றிக் கூட்டிவந்து, தோல் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே தூங்கி வளர்ந்தவர். ஊரில் போய் விசாரித்தால், ஆமாம் இன்னார் மகன்தான் என்று சொல்ல ஒரு நாதி இல்லை. சங்கரலிங்கமோ ஒரு ஸ்க்ரூவைக்கூட மூன்று முறை திருகிப் பார்க்காமல் நம்பாதவர். விக்டோரியா டெர்மினஸில் இறங்குகிறவன் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமே என்றாராம்.

அந்தச் சமயத்தில்தான் எருமைச் செய்தி வந்திருக்கிறது. பொன்னையா பத்திரிகையை எடுத்துக்கொண்டு லேபர் கேம்ப்புக்கு ஓடியிருக்கிறார். சங்கரலிங்கம் எங்கள் பத்திரிகையை வரி விடாமல், உதட்டை அசைத்து அசைத்துப் படிக்கிறவர். செய்தியைப் படித்தார். திரும்பப் படித்தார். பிறகு விரலால் அந்த வார்த்தையைத் தொட்டுக் காட்டி, “பேப்பர்காரனுக்கே நிச்சயமாத் தெரியலியே வே. பொன்னையான்னு யாரோ ஒருத்தர்னுல்லா எழுதியிருக்கான்” என்று சொல்லிவிட்டார்.

“எனக்காகச் சொல்லுததுக்கு ஊர்ல ஆள் கெடையாது அய்யா. உங்க பேப்பரத்தான் நம்பிக் காட்டுனேன்” என்று பொன்னையா சொன்னபோது குரல் கொஞ்சம் தழைந்துவிட்டது.

ஆசிரியர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் அவருக்குக் காது கேட்காது. ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக்கு ஊரே மாடிப்படியில் நிற்கும் என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் பொன்னையாவுக்கு ஒரு குறுக்கு வழி சொன்னேன். வாசகர் கடிதத்தில் என்பவர் வராது. அடியில் வெறும் பெயரும் ஊரும்தான். நானே அவருக்காகச் சாக்கடை அடைப்பைப் பற்றி உருக்கமான கடிதம் ஒன்று எழுதி, அடியில் பொன்னையா, தாராவி என்று போட்டேன். அவரும் அதை எடுத்துக்கொண்டு லேபர் கேம்ப்புக்குப் போனார். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது பெரிய காரியமா என்று கேட்டாராம் சங்கரலிங்கம். அது நல்ல கேள்வி என்று எனக்கே தோன்றியது.

மிச்சமிருந்த வழி காலமாவது ஒன்றுதான். இரங்கல் குறிப்பில் காலஞ்சென்ற இன்னார் என்றுதான் போடுவோம், என்பவர் கிடையாது. பொன்னையா இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தது எனக்குக் கவலையாக இருந்தது. அந்தச் சாக்கடை சரியாயிற்றா என்றால், அதுவும் இல்லை.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை என் சந்துக்கு வாருங்கள், வந்து நீங்களே பாருங்கள், நான் என்பவரா இல்லையா என்று தெரியும் என்றார். ஆசிரியருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. நேரில் பார்க்காமல் எதையும் மறுக்கக் கூடாது. வசமாக மாட்டிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கஞ்சி போட்ட வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் குடையோடு அவர் முன்னே போக, நான் பின்னே போனேன். அத்தனை வருஷம் பத்திரிகை நடத்தியும் ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் அவர் வருவது அதுதான் முதல் தடவை என்று வழியில் தெரிந்தது. தோல் நாற்றம் வந்ததும் நின்று மூக்கைப் பொத்தினார். ஊறுகாய்க் கடைக்கு மேலே உட்கார்ந்து பழகியவருக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

சந்து முனையில் தண்ணீர்க் குழாய். நீண்ட வரிசை. முன்னால் நின்ற அம்மாளிடம் ஆசிரியர் மரியாதையாகக் கேட்டார்.

“இங்க பொன்னையான்னு ஒருத்தர் இருக்காராமே?”

அந்த அம்மாள் குடத்தை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். மேஸ்திரி அண்ணாச்சியையா இப்படிக் கேட்கிறீர்கள் என்று வரிசையே சிரித்தது. நீங்கள் யார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். பத்திரிகை ஆசிரியர் வைத்தியநாதன் என்று அவர் நிமிர்ந்து சொன்னார். மாட்டுங்காவில் இப்படிச் சொன்னால் நாற்காலி வரும். அந்த அம்மாள் சந்துக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“ஏட்டி, அண்ணாச்சிகிட்ட சொல்லு. வைத்தியநாதன்னு யாரோ ஒரு ஆளு வந்திருக்காரு.”

அந்தச் செய்தி வீடு வீடாகக் கைமாறி உள்ளே போனது. வைத்தியநாதன்னு யாரோ, வைத்தியநாதன்னு யாரோ என்று கடைசி வாசல்வரைக்கும் கேட்டது. நான் ஆசிரியர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. குடை ஒருமுறை விரிந்து சுருங்கிய சத்தம் மட்டும் கேட்டது.

பொன்னையாவின் வீடு ஒற்றை அறை. உள்ளே கட்டிலில், பொன்னையா வரவழைத்திருந்த சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஸ்டூலில் ஒரு கலர் சோடா, தொடாமல். சம்பந்தம் பேசி முடியும்வரை பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் குடித்தாலும் சம்மதம் என்றாகிவிடும். அதனால் அந்த மனிதர் அந்த வேர்வையிலும் சோடாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் கனியின் வளையல் சத்தம் கேட்டது. பொன்னையா பெருமையாக, இவர்தான் பத்திரிகை ஆசிரியர் என்று அறிமுகம் செய்தார்.

சங்கரலிங்கம் எழுந்திருக்கவே இல்லை. ஆசிரியரைச் சாவகாசமாகப் பார்த்தார். வாரம் தவறாமல் தான் படிக்கிற பத்திரிகையின் ஆசிரியர் இவ்வளவு ஒல்லியாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“கூப்புட்ட ஒடனே ஆசிரியரு தாராவிக்கு வருவாராக்கும்? யாருக்கோ வேட்டியக் கட்டிக் கூட்டிட்டு வந்திருக்கீரு வே” என்றார்.

ஆசிரியர் தூக்கிப் பிடித்திருந்த வேட்டியைக் கீழே விட்டு நிமிர்ந்தார். நான்தான் வைத்தியநாதன் என்று இரண்டு தடவை சொன்னார். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வது பெரிய காரியமா என்ற கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. பத்திரிகையில் அவர் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வரும். படம் கிடையாது, ஆடம்பரம் என்று அவரே வேண்டாம் என்றிருந்தார். இவனைக் கேளுங்கோ என்று என்னைக் காட்டினார். நான் யார் என்று சங்கரலிங்கம் கேட்டார். பொன்னையாவைத் தவிர என்னையும் அங்கே ஒருவருக்கும் தெரியாது. எருமைக்காக வந்துபோனதைச் சொன்னேன். எருமையைப் பார்க்க ஊரே வந்தது என்றார்.

அதற்குள் வாசலில் பாதிச் சந்து கூடிவிட்டது. குழாயடிப் பெண்கள், கிடங்கு ஆட்கள், தொழுவத்துப் பால்காரர். பொன்னையா எழுந்து நின்றார்.

“நான் சொல்லுதேன். இவருதான் ஆசிரியரு” என்றார்.

வாசலில் நின்றவர்கள் அதுவரை ஆசிரியரைச் சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் குழாயடி அம்மாள், மேஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி உள்ளே வந்து ஆசிரியருக்கு விசிறி எடுத்துக் கொடுத்தாள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். பால்காரர் தமிழ் புரியாமலேயே தலையை ஆட்டினார். சங்கரலிங்கம் வாசலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பொன்னையாவைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் நம்பாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. கையை நீட்டிச் சோடாவை எடுத்தார். சூடேறிப் போயிருந்த அந்தச் சோடாவை ஒரே மூச்சில் குடித்து வைத்தார். திரைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

திரும்பி வரும்போது ஆசிரியர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். ரயில் பாலத்தில் ஏறி நின்று, வேட்டி நுனியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தபடி, “அவர் சொல்லலேன்னா என்னை யாருன்னு சொல்லியிருப்பேன்டா?” என்று கேட்டார்.

தை பிறந்ததும் கல்யாணம். செய்தியை நான் எழுதக் கூடாது என்று ஆசிரியரே எழுதினார். அச்சில் வந்த பிறகுதான் பார்த்தேன். தாராவி மேஸ்திரி பொன்னையாவின் மகள் கனியம்மாளுக்கும், லேபர் கேம்ப்பில் வசிக்கும் சங்கரலிங்கம் என்பவரின் மகனுக்கும் திருமணம் சிறப்பாக நடந்தது என்று இருந்தது. ஆசிரியருக்குள்ளும் இப்படி ஒரு குசும்பு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வந்திருந்த பிரமுகர்கள் பட்டியலில் தோல் கிடங்கு ஆட்கள் எல்லாரும் வெறும் பெயராக நின்றார்கள். கடைசியில், வைத்தியநாதன் என்பவரும் வந்திருந்து வாழ்த்தினார் என்று எழுதியிருந்தார். சங்கரலிங்கம் சந்தா கட்டுவதை நிறுத்திவிடுவேன் என்று ஆள் விட்டுச் சொன்னார். நிறுத்தவில்லை.

அந்த ஆபீஸ் போய்விட்டது. ஆசிரியருக்குப் பிறகு பத்திரிகையை நடத்த ஆள் இல்லை. நான் வேறு வேலைக்குப் போனேன், கல்யாணம், குழந்தைகள், முலுண்ட் என்று நகர்ந்துவிட்டேன். இப்போதைய பேப்பர்களில் பெயருக்குப் பக்கத்தில் வயதைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆள் யார் என்பதற்கு அது போதுமாம்.

சில வருஷங்களுக்கு முன்பு அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், கால் இழுத்த வழியில் அந்தச் சந்துக்குள் போனேன். தோல் கிடங்குகள் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டன. நாற்றம்கூட மிச்சமில்லை. குழாயடி இருந்த இடத்தில் ஒரு மொபைல் கடை. பொன்னையா இருந்த அறைக்குமேல் இரண்டு மாடி கட்டி, கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலை ஒட்டிய மெஷினில் உட்கார்ந்திருந்த இளைஞனின் முகத்தில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. மேஸ்திரி பொன்னையா வீடு இதுதானே தம்பி என்று கேட்டேன். கோன் பொன்னையா, யார் அது என்று இந்தியில் கேட்டான். நான் சொன்னேன். தோல் கிடங்கு, எருமை, சேற்றில் விரித்த தோல், அவர் ஒரு வார்த்தை சொன்னால் இந்தச் சந்தே நம்பும் என்பது, எல்லாம் சொன்னேன். பாவம், மெஷினை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

“ஹோகா கோயி, அங்கிள்” என்றான். யாரோ ஒருத்தர் இருந்திருப்பார், அங்கிள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வாசலிலேயே நின்று, பொன்னையா யார் என்று இன்னொரு தடவை சொன்னேன். நான் சொல்வது உண்மைதான் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.